உரோமக் காசுகளில் தெய்வ உருவங்கள்

தேவி மகிடாசுரனை வென்ற வரலாற்றோடு தேவிபட்டினத்தின் பெயரை இயைத்துக் கூறுவது மரபு. அவ்வூர்க்குத் தெற்கே, வையை கடலொடு கலக்குமிடத்தை அடுத்துள்ள அழகன்குளத்தில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986 முதல் நிகழ்த்திய அகழாய்வுகளில் உரோமக் காசுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் ஒருபுறம் இரண்டாம் வாலண்டீனியன் (கி.பி. 375–392) தலையுருவும், மறுபுறம் வெற்றித் தெய்வத்தின் உருவும் உள்ளன. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணுவார்க்கு, உரோமர் வெற்றித் தெய்வத்தைத் தமிழர் கொற்றவையாகக் கொண்டனர் என்னும் கருத்து எளிதில் தோன்றும். அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அழகன்குளத்துக் காசு செம்பினால் ஆயது, காலத்தாற் பிற்பட்டது. முற்பட்ட வெள்ளிக்காசாகிய தெனாரியசு கொங்குநாட்டிலேயே மிகுதி. உடுமலைப்பேட்டைப் பகுதியின் பூதிநத்தம் புதையலில் மட்டும் ஏறத்தாழ 1,400 காசுகள் இருந்தன. இந்நாட்டிற் கிடைப்பனவற்றுள் இருவகையே மிகப்பல. ஒன்று அகத்தசு வெளியிட்டது. அவன் மகன்மையாக ஏற்ற காயசு, லூசியசு என்னும் இளவரசர் இருவரும் கேடயமும் வேலும் கொண்டு நிற்ப, மேலே வேள்வி அகப்பையும் நிமித்திகன் வளைகோலும் காணப்படும். மற்றொன்று திபேரியசு வெளியிட்டது. கோலும் கிளையும் ஏந்திய பெண்ணுருவம் அமர்ந்திருக்க, அரசன் தலைமைக் குரு என்னும் பட்டம் சூழப் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வுருவை அமைதித் தெய்வம் என்றும், அரசன் தாய் லிவியா என்றும் அறிஞர் கூறுவர்.

உரோமில் இவை அரசும் சமயமும் ஒன்றிய நிலையை உணர்த்தின. தமிழகத்தில் இவற்றின் பயன் வேறு. தென்னாட்டிற் கிடைத்த போலிக் காசுகள் பல இவ்விருவகையையே பின்பற்றியவை. அவற்றில் எழுத்துகள் பொருளின்றிச் சிதைந்துள்ளன. படியெடுத்தோர் இலத்தீன் அறியார் என்பது இதனாற் பெறப்படும். நன்கு பழகிய உருவமே நல்ல வெள்ளிக்குச் சான்றாக நின்றது எனலாம்.

வெற்றித் தெய்வத்தின் நிலையும் கருதத்தக்கது. கி.பி. 382-இல் கிரேசியன் உரோம ஆட்சிமன்றத்திலிருந்து அத்தெய்வத்தின் பலிபீடத்தை அகற்றினான். ஆயினும் காசுகளில் அவ்வுரு நீடித்தது. அக்காலக் காசுகள் சிலவற்றில் அதனருகே கிறித்துவின் பெயர்க்குறியும் உண்டு. எனவே உரோமிலேயே அது வழிபாட்டினின்று நீங்கி, அரசின் வெற்றிக் குறியாக மாறிவந்தது என்க.

சிலப்பதிகார வேட்டுவவரி காட்டும் கொற்றவை எருமைத்தலைமேல் நிற்பவள். உரோமத் தெய்வமோ சிறகுடையாள். வெற்றி என்னும் பொதுமை ஒன்றே இருவரையும் ஒருவராக்கப் போதாது. காசு வந்த வழியே வழிபாடும் வந்தது எனல் வேண்டுமாயின், கோயிலோ கல்வெட்டோ இலக்கியமோ தனிச்சான்று பகர்தல் வேண்டும். அஃது இல்வழி, அக்காசினை வாணிகத்தின் சான்றாக மட்டும் கோடலே முறை.