கையுறையும் தொடுதிரையும்

நுழையும்முன்

தொட்டவுடன் கேட்டதைத் தரும் திறன்பேசி, கையுறை அணிந்த விரலை மட்டும் கண்டுகொள்வதில்லை. வெப்பநாட்டில் வாழ்வோர்க்கு இது பெரிய செய்தியன்று. உறைபனி பெய்யும் நாடுகளிலோ, விரலைக் காப்பதா, செய்தியை அனுப்புவதா என்னும் கேள்வியாக இஃது எழுகிறது. அக்கேள்விக்கு ஒரு நூலிழை தந்த விடையை விளக்குகிறது இக்கட்டுரை.

தென்கொரியாவின் தலைநகரான சியோலில் குளிர்காலம் கடுமையானது. சனவரி மாதத்து இரவுகளில் அங்கு வெப்பநிலை உறைநிலைக்கும் 10 டிகிரி செல்சியஸ் கீழே இறங்குவதுண்டு. 2009ஆம் ஆண்டின் இறுதியில் ஐபோன் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. அடுத்து வந்த மாதங்களில் அதனை வாங்கியவர்கள் ஓர் இடர்ப்பாட்டை உணர்ந்தனர். கையுறையோடு தொட்டால் திரை அசையவில்லை. கையுறையைக் கழற்றினாலோ விரல் விறைத்தது. இறைச்சியை அரைத்துக் குழல்வடிவில் அடைத்துச் செய்யும் சாசேஜ் என்னும் தின்பண்டம் அங்குக் கடைதோறும் கிடைக்கும். சிலர் அதனையே எழுதுகோல்போலப் பிடித்துத் திரையைத் தொட்டனர். திரையும் அதனை விரலென்றே ஏற்றுக்கொண்டது. 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகச் செய்தித்தாள்கள் பலவும் இதனை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன.

செய்தி வேடிக்கையானதுதான். ஆயினும், அதனுள் ஓர் அறிவியல் வினா இருக்கிறது. உயிருள்ள மனிதனின் கையுறை அணிந்த விரலை அறியாத திரை, உயிரற்ற ஒரு தின்பண்டத்தை எவ்வாறு அறிந்தது?

திரை எதனை உணர்கிறது?

தொடுதிரை என்னும் சொல்லைக் கேட்டவுடன், அது விரலின் அழுத்தத்தை உணர்வதாகவே பலரும் எண்ணுவர். தொடக்ககாலத் தொடுதிரைகள் பலவற்றுக்கு இது பொருந்தும். அவற்றில் மெல்லிய இரு படலங்கள் சிறு இடைவெளியுடன் அமைந்திருக்கும். மேற்படலத்தை அழுத்தினால் அது கீழ்ப்படலத்தைத் தொடும். தொட்ட இடம் அறியப்படும். நகத்தால் அழுத்தினாலும், குச்சியால் அழுத்தினாலும், கையுறையோடு அழுத்தினாலும் அத்திரை வேலை செய்யும். இதனை மின்தடைத் தொடுதிரை என்பர்.

இன்றைய திறன்பேசிகளில் உள்ளது மின்தேக்குத் தொடுதிரை. இதன் அடிப்படையை இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் இருந்த அரசு ரேடார் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன் 1965ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். அது மக்கள் கைக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. 2007ஆம் ஆண்டில் எல்ஜி பிராடா, ஐபோன் ஆகிய கைப்பேசிகள் இவ்வகைத் திரையோடு வெளிவந்தன. மெல்லத் தீண்டினாலே போதும் என்னும் எளிமையால், சில ஆண்டுகளுக்குள் பழைய வகைத் திரைகள் திறன்பேசிகளிலிருந்து பெரும்பாலும் மறைந்தன.

மின்தேக்குத் திரையின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குப் புலப்படாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. இண்டியம் வெள்ளீய ஆக்சைடு என்னும் பொருள் ஒளியை ஊடுருவ விடும், மின்சாரத்தையும் கடத்தும். ஆதலால், இக்கோடுகளை அமைக்க அது பெரிதும் பயன்படுகிறது. இரு கோடுகள் குறுக்கிடும் இடந்தோறும் மிகச்சிறிய மின்தேக்கி ஒன்று உருவாகிறது. அதனைச் சூழ்ந்து மெல்லிய மின்புலம் பரவியிருக்கும்.

மனித உடலில் நீரும் உப்புகளும் உள்ளன. எனவே, உடல் மின்சாரத்தைக் கடத்தும். விரல் திரையை நெருங்கும்போது, அவ்விடத்து மின்புலத்தின் ஒரு பகுதியைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. அதனால் அங்குள்ள மின்தேக்குத்திறன் சிறிதளவு மாறுகிறது. திறன்பேசியினுள் இருக்கும் சில்லு ஒன்று, ஒரு நொடிக்குள் பன்முறை திரை முழுவதையும் அளந்து பார்த்து, மாற்றம் நிகழ்ந்த இடத்தைக் கணித்துவிடுகிறது. சாசேஜினுள்ளும் நீரும் உப்பும் உண்டு. ஆகவேதான் திரை அதனையும் விரலென மயங்கியது.

கண்ணாடிக்கு இசையும் திரை கம்பளிக்கு இசையாதது ஏன்?

கம்பளி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே திரை விரலை உணர்வதில்லை என்று விடை கூறுவது எளிது. ஆனால், திரையின் மேலுள்ள கண்ணாடியும் மின்கடத்தாப் பொருள்தானே! கண்ணாடியைத் தாண்டி விரலை உணரும் திரை, கம்பளியைத் தாண்டி உணராதது ஏன் என்னும் ஐயம் எழக்கூடும்.

விடை தொலைவில் இருக்கிறது. கண்ணாடி மிக மெல்லியது. மின்புலம் அதனை எளிதில் கடந்துவிடும். கையுறையோ நூலும் காற்றும் கலந்த தடித்த அடுக்கு. அது விரலைத் திரையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துகிறது. தொலைவு கூடக்கூட விரலால் விளையும் மாற்றம் விரைந்து குறைகிறது. ஒரு வரம்புக்குக் கீழே குறைந்த மாற்றத்தைச் சில்லு பொருட்படுத்துவதில்லை. அவ்வாறு பொருட்படுத்தினால், திரையின் அருகே செல்லும் ஒவ்வொன்றையும் தொடுகையென்று அது தவறாகக் கொள்ளும்.

இதனை எவரும் சோதித்தறியலாம். விரல்மேல் ஒற்றை மடிப்பு மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றித் தொட்டால் பெரும்பாலும் திரை இயங்கும். மடிப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே சென்றால், ஒரு நிலையில் அது இயங்காமல் நின்றுவிடும்.

குளிரில் விரலுக்கு நேர்வது

கையுறையைச் சிறிதுநேரம் கழற்றிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். விரலின் இயல்பை அறிந்தால் அக்கேள்வி எழாது.

விரல்களை இயக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ளன. விரல்களுக்குள் வெப்பத்தை உண்டாக்கும் பெரிய தசைகள் இல்லை. குருதி கொண்டுவரும் வெப்பத்தையே அவை நம்பியிருக்கின்றன. மெலிந்து நீண்ட வடிவின் காரணமாக, விரல்கள் வெப்பத்தை விரைவில் இழக்கின்றன. குளிர் மிகும்போது உடல், இதயம் முதலிய உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காக்கும்பொருட்டு, கைகால்களுக்குச் செல்லும் குருதிக்குழாய்களைச் சுருக்குகிறது. உயிரைக் காக்க உடல் செய்யும் இந்த ஏற்பாட்டில் முதலில் கைவிடப்படுபவை விரல்களே.

விரல்தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது விரல்களின் நுண்செயல்திறன் குன்றத் தொடங்குகிறது. மேலும் குளிர்ந்தால் தொடுவுணர்வும் மங்கும். எழுத்துகளைச் சரியாகத் தொட இயலாது. தொட்டோமா இல்லையா என்பதும் தெரியாது. உறைநிலைக்குக் கீழே தோலும் திசுக்களும் உறைந்தால் பனிக்கடி ஏற்படும். காற்று வீசினால் தீங்கு இன்னும் விரைவில் நேரும். காற்றின் வேகத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துக் கணிக்கப்படும் காற்றுக்குளிர் அளவு −28க்குக் கீழே இறங்கினால், மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும் எனக் கனடா நாட்டு வானிலைத் துறை எச்சரிக்கிறது.

இதன் கொடுமை நெருக்கடி வேளையில்தான் விளங்கும். பனிச்சாலையில் வண்டி பழுதாகி நிற்பவருக்கும், மலையில் வழிதவறியவருக்கும் திறன்பேசியே உற்ற துணை. அத்தகையோர் உதவி கேட்பதற்காகக் கையுறையைக் கழற்றுகின்றனர், விரல் விறைக்கிறது, விறைத்த விரலால் எண்களை அழுத்த முடியவில்லை, காலம் நீள்கிறது. குளிர்நாடுகளில் வீடுதோறும் பொருள்களைக் கொண்டுசேர்க்கும் தொழிலாளர்க்கு இது நாள்தோறும் நேரும் துன்பம். ஒவ்வொரு வாயிலிலும் அவர்கள் திறன்பேசியைத் தொட்டாக வேண்டும்.

நூலிழை தந்த விடை

வெப்பத்தைக் காக்க வேண்டுமாயின், கையுறை கடத்தாப் பொருளால் ஆகியிருக்க வேண்டும். திரையை இயக்க வேண்டுமாயின், அது மின்கடத்தியாக இருக்க வேண்டும். முரண்போலத் தோன்றும் இவ்விரு தேவைகளையும் இணைத்தது மின்கடத்து நூல்.

நைலான் இழையின்மேல் மிக மெல்லிய வெள்ளிப் பூச்சு பூசி ஒருவகை நூல் செய்யப்படுகிறது. துருவேறா எஃகின் நுண்ணிழைகளைப் பிற இழைகளோடு சேர்த்து முறுக்குவதும் உண்டு. தாமிரச் சல்பைடு, கரி ஆகியவற்றைச் சேர்த்த இழைகளும் பயன்படுகின்றன. பெருவிரல், சுட்டுவிரல் ஆகியவற்றின் நுனியில் இந்நூலை வைத்துப் பின்னுவர். அப்பகுதியின் உட்புறம் தோலைத் தொடும். வெளிப்புறம் கண்ணாடியைத் தொடும். விரலின் மின்பண்பு இந்நூலின் வழியாகக் கையுறையின் வெளிப்பரப்புக்கே வந்துவிடுகிறது. இப்போது திரைக்கும் விரலுக்கும் இடையே தொலைவு இல்லை.

வெள்ளி வெப்பத்தையும் நன்கு கடத்துமே, விரல் குளிராதா என ஐயுறலாம். நூலில் உள்ள வெள்ளி மிக மெல்லிய பூச்சேயாகும். அதுவும் விரல்நுனியில் மட்டுமே உள்ளது. அதனால் இழக்கப்படும் வெப்பம் பெரிதன்று. உண்மையான குறை வேறொன்று. சிறிய எழுத்துகளைப் பிழையின்றித் தொட விரல்நுனித் துணி மெலிதாக இருக்க வேண்டும். துணி மெலிந்தால், அதனுள் தங்கும் காற்று குறையும். கம்பளியின் வெப்பக்காப்புக்கு அடிப்படை, அதன் இழைகளிடையே அசையாது தங்கிய காற்றே. ஆகவே, தொடுதிரைக் கையுறை மிதமான குளிருக்கே தனித்துப் போதுமானது. கடுங்குளிரில், மெல்லிய தொடுதிரைக் கையுறையை உள்ளே அணிந்து, அதன்மேல் விரல்கள் அனைத்தையும் ஒன்றாக மூடும் தடித்த உறையை அணிவதே தக்கது. தேவையானபோது மேலுறையை மட்டும் கழற்றினால், விரல் வெற்றாகக் குளிர்க்காற்றில் படுவதில்லை.

தெரிந்து தெளிவோம்

• மின்கடத்து நூலால் சாதாரணக் கையுறையின் விரல்நுனியில் சில தையல்கள் இட்டு, அதனைத் தொடுதிரைக் கையுறையாக்கலாம். தையல் உள்ளும் புறமும் தெரிய வேண்டும். ஊசிமுனையளவு இல்லாமல், விரல்நுனி படியும் அகலத்துக்கு அமைய வேண்டும்.
• துவைக்கத் துவைக்க வெள்ளிப் பூச்சு தேயும். வெளுப்பான்களையும் துணியை மென்மையாக்கும் நீர்மங்களையும் தவிர்ப்பது நல்லது.
• திரைமீது பனி உருகி நீராகப் படிந்தால் தொடுகை தடுமாறும். துடைத்த பின்னரே தொட வேண்டும்.
• கடுங்குளிரில் திறன்பேசியின் லித்தியம் அயனி மின்கலத்தினுள் வேதிவினைகள் மந்தமாகும். திறன்பேசி திடீரென அணைந்துபோகவும் கூடும். அதனைச் சட்டையின் உட்பையில், உடல் வெப்பத்தில் வைத்திருப்பது நலம்.

கருவியும் மாற வேண்டும்

கையுறை மட்டுமே மாற வேண்டும் என்பதில்லை. 2012ஆம் ஆண்டில் அறிமுகமான நோக்கியா லூமியா 920 என்னும் திறன்பேசி, கையுறையோடு தொட்டாலும் இயங்கும் மிகை உணர்திறன் கொண்ட திரையைப் பெற்றிருந்தது. பின்னர் வந்த திறன்பேசிகள் சிலவற்றில், திரையின் உணர்திறனை வேண்டும்போது கூட்டிக்கொள்ளும் வசதி அமைப்புப் பகுதியில் தரப்பட்டுள்ளது. பக்கத்துப் பொத்தானைப் பலமுறை தொடர்ந்து அழுத்தினால் அவசர அழைப்புச் செல்லும் வசதியும் பல திறன்பேசிகளில் உண்டு. இப்பொத்தானுக்கு அழுத்தமே போதும், கையுறை தடையாகாது. குளிர்ப்பகுதிக்குச் செல்வோர் புறப்படுமுன்பே இவ்வசதிகளைச் சரிபார்த்து வைத்தல் உயிர்காக்கும் செயலாகும்.

மெல்லத் தீண்டும் வெற்று விரலையே மின்தேக்குத் திரை எதிர்பார்க்கிறது. ஆனால், எல்லா விரல்களும் எப்போதும் அவ்வாறு இருப்பதில்லை. குளிர்நாட்டு விரல் கம்பளிக்குள் இருக்கிறது. கடும் உழைப்பால் காய்த்துத் தடித்த விரலையும், மிகவும் உலர்ந்த விரலையும்கூடத் தொடுதிரை சில வேளைகளில் உணரத் தவறுவதுண்டு. குறை அவ்விரல்களில் இல்லை. அவற்றை எண்ணிப் பாராத வடிவமைப்பில் இருக்கிறது.

ஒரு கருவியை உருவாக்குவோர், அதனை யார் பயன்படுத்துவர், எந்த நிலத்தில் பயன்படுத்துவர், எந்த இடர்ப்பாட்டில் பயன்படுத்துவர் என்பவற்றை முதலிலேயே எண்ண வேண்டும். அவ்வாறு எண்ணாமல் விட்ட இடைவெளி சில மில்லிமீட்டர்தான். சியோல் மக்கள் அதனை ஒரு தின்பண்டத்தால் கடந்தனர். நெசவறிந்தோர் வெள்ளி பூசிய நூலால் அடைத்தனர். இனிக் கருவி படைக்கப்போகும் இளைய தலைமுறை அத்தகைய இடைவெளியே தோன்றாதவாறு படைக்குமாயின், குளிரில் நடுங்கும் விரலுக்கும் அறிவியல் துணைநிற்கும்.