முதலில் ஊசி, பிறகு மாத்திரை

நாயைத் தடவிக்கொடுக்கும்போது தாடைக்கு அடியிலோ பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலோ கோலிக்குண்டு போல உருண்டை தட்டுப்படும். அழுத்தினாலும் வலிக்காது, நாய் வழக்கம்போல் சாப்பிடும், வாலாட்டும். அதனாலேயே பல வீடுகளில் நாள் கடந்துவிடுகிறது. உடம்பில் பல இடங்களில் இப்படி நெறி கட்டியிருந்தால் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோயா என்று பார்த்தே ஆகவேண்டும்.

சிட்னி கேம்பர்டவுனிலோ மெல்பர்னை அடுத்த வெரிபியிலோ உள்ள பெரிய விலங்கு மருத்துவமனையானாலும் சரி, தெருமுனை கிளினிக்கானாலும் சரி, முதல் சோதனை ஒன்றுதான். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில செல்களை எடுப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். பல் சொத்தையாலும் ஈறு நோயாலும் தாடை நெறி வீங்கும் என்பதால், தோள்பட்டைக்கு முன்னாலோ முட்டிக்குப் பின்னாலோ உள்ள நெறியிலிருந்து எடுப்பதே நல்லது.

எடுத்ததைக் கண்ணாடிச் சில்லில் பரப்புவதில்தான் கைப்பக்குவம் தெரியும். நிணநீர்ச் செல்கள் மிக மென்மையானவை. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலும் உடைந்து வெறும் ஊதாக் கறையாகிவிடும். பக்கத்தில் ஃபார்மலின் புட்டி திறந்திருந்தால் அதன் ஆவியே சாயம் சரியாக ஏறாமல் கெடுத்துவிடும்.

நுண்ணோக்கியில் சிவப்பணுவே அளவுகோல். நலமான நெறியில் சிறிய செல்களே மிகுதி. அடிக்கடி காணும் லிம்போமா வகையிலோ பாதிக்கு மேல் பெரிய செல்கள்; அவற்றின் உட்கரு இரண்டு சிவப்பணு அகலத்தையும் தாண்டும். இதைத் தேர்ந்த கண் சில நிமிடங்களில் சொல்லிவிடும். சிறிய செல்களால் ஆன, மெதுவாக வளரும் வகைதான் ஏமாற்றும். பார்வைக்குச் சாதாரண நெறி போலவே இருக்கும்.

அடுத்த கேள்வி, புற்றான நிணநீர்ச் செல் பி செல்லா டி செல்லா என்பது. ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியில், ஒளிரும் சாயம் கோத்த எதிர்ப்பொருள்கள் செல்லின் மேல் ஒட்டுவதை லேசர் படித்துச் சொல்லும். இதற்குக் காய்ந்த சில்லு உதவாது. செல்கள் திரவத்தில் உயிரோடு, ஓரிரு நாளுக்குள் ஆய்வகம் சேரவேண்டும். விடையைப் பொறுத்து நாயின் காலமே மாறும்: பெரிய பி செல் வகைக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை தந்தால் பாதி நாய்களாவது ஏறக்குறைய ஓராண்டு வாழ்கின்றன. பாக்ஸர் நாய்களில் மிகுதியாக வரும் டி செல் வகைக்குப் பொதுவாக அதைவிடக் குறைவு. ஆனால் டி செல்லிலேயே டி மண்டல வகை கண்ட நாய்கள் பல ஆண்டுகள் நன்றாக இருக்கின்றன.

வீக்கம் வற்றட்டும் என்று முதலிலேயே பிரெட்னிசலோன் எனும் ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்துவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். கட்டி கரைந்து, ஊசிக்குச் சரியான செல் கிடைக்காமல் போகிறது. பின்னால் தரும் புற்றுநோய் மருந்துகளுக்கும் நோய் முன்போல் மசிவதில்லை.