கியரைக் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரை ஏன் தட்ட வேண்டும்?

அசெட்டோ கோர்சா என்ற கணினிக் கார் பந்தய விளையாட்டில் 1967-ஆம் ஆண்டின் லோட்டஸ் 49 காரை எடுங்கள். வளைவுக்கு முன் பிரேக் பிடித்தபடி கியரைக் குறைத்து, கிளட்சைச் சட்டென விடுங்கள். பின்பக்கம் வழுக்கிக் கார் சுழன்றுவிடலாம். பிரேக்கை அளவாகத்தானே மிதித்தீர்கள்? பிறகு ஏன்?

அதே வேகத்தில் போக, கீழ் கியரில் எஞ்சின் இன்னும் விரைவாகச் சுழல வேண்டும். கிளட்சை மிதித்த நொடியிலோ அதன் சுழற்சி தணிந்துவிட்டது. இப்போது அதை மேலே இழுப்பது யார்? பின் சக்கரங்கள்தான். அந்தச் சுமையில் டயர் பிடி இழக்கிறது.

சுற்றும் ராட்டினத்தில் ஏறுவதை நினையுங்கள். நின்றபடி கம்பியைப் பிடித்தால் ஆளைத் தள்ளிவிடும். கூடவே ஓடி, வேகம் சமமானதும் தொற்றினால் அலுங்காமல் ஏறலாம். ஆக்சிலரேட்டரைத் தட்டுவது எஞ்சினை அப்படி ஓடவைக்கத்தான். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கிலேயே இருக்க, அதன் விளிம்போ குதிகாலோ தட்டும்.

நம் வீட்டுக் காரில் சிங்க்ரோ வளையங்கள் உரசி, கியர்பெட்டிக்குள் வேகத்தைச் சமன்செய்கின்றன. எஞ்சினைச் சமன்செய்வது அங்கும் கால்தான். பந்தயக் காரின் டாக் பாக்ஸ் என்னும் கியர்பெட்டியில் அந்த வளையங்களே இல்லை. பருத்த பற்கள் நேராகக் கோக்கும். மேல் கியருக்குப் போக ஆக்சிலரேட்டரைக் கணநேரம் தளர்த்தினாலே போதும், கிளட்ச் தேவையில்லை.

1989-இல் ஃபெராரி 640 பந்தயக் கார், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் பேடில்களைக் கொண்டுவந்து தன் முதல் பந்தயத்தையே வென்றது. இன்றைய பேடில் கார்களில் கணினியே எஞ்சினைத் தட்டிவிடும்.

விளையாட்டில் பழைய கார் ஓட்டும்போது, கிளட்சையும் ஆக்சிலரேட்டர் தட்டலையும் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ கிளட்ச், ஆட்டோ பிளிப் இரண்டையும் அணைத்துவிடுங்கள். கால் பழகக் கொஞ்ச நாள் ஆகும், பொறுமையாகப் பழக்குங்கள்.