பால்மரப் பட்டைக்குள் ஒரு சுவர்



ரப்பர் மரத்தை ஏன் விடியற்காலையில் வெட்ட வேண்டும்? கங்காணி பெரட்டுக்கு அதட்டி அழைத்தார் என்பதற்காக மட்டுமா? இல்லை. வெயில் ஏறிய பின் வெட்டினால் மங்கில் பால் குறைவாகவே விழும். பால் வெட்டிய ஒவ்வொருவரும் கண்ட உண்மை இது. பாலின் எடையைப் பார்த்துக் கூலி கணக்கிட்ட இடங்களில், தாமதித்து வெட்டிய நாளின் நட்டம் வீட்டு அடுப்பு வரைக்கும் வந்தது. இதன் காரணம் மரத்தின் பட்டைக்குள் இருக்கிறது. அதை அளந்து காட்டிய ஆராய்ச்சி நம் கோலாலம்பூர் வட்டாரத்திலேயே நடந்தது.

எல்லாச் செடி கொடிகளும் உயிரணுக்களால் ஆனவை. வீடு செங்கல்லால் ஆனதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றிலும் ஒரு சுவர் உண்டு. இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் கார்க் மரப்பட்டையின் மெல்லிய சீவலைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்ததை 1665ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் கண்ட சிறு அறைகள் உயிர் போனபின் எஞ்சியிருந்த வெறும் சுவர்களே. செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள் இச்சுவருக்கு உறுதி தருகிறது. ஆனால் அது கருங்கல் சுவரைப் போன்றதன்று. உள்ளே நீர் நிறைந்தால் சற்று விரியும். நீர் குறைந்தால் சுருங்கும்.

ரப்பர் மரப் பட்டையில் இந்தச் சுவர் ஒரு விந்தை செய்கிறது. அடுத்தடுத்துள்ள உயிரணுக்களின் குறுக்குச் சுவர்கள் கரைந்துபோக, அவை ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட குழாய்களாகின்றன. பால் இக்குழாய்களில் இருக்கிறது. குழாய்கள் நேராக மேலே செல்லாமல் சற்று வலப்புறம் சாய்ந்து செல்கின்றன. ஆகவேதான் கோட்டை இடப்புறம் உயர்த்தி, வலப்புறம் தாழ்த்தி இழுக்கிறோம். அப்படி இழுத்தால் கூடுதலான குழாய்கள் அறுபடும்.

1925இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் வைத்திருந்தது. 1998இல் அது மலேசிய ரப்பர் வாரியத்துடன் இணைந்தது. இக்கழகத்தின் விஞ்ஞானிகளான புட்டரியும் போட்மனும் மயிரிழை போன்ற துளையுள்ள கண்ணாடிக் குழாயைப் பட்டைக்குள் செலுத்தினார்கள். உள்ளே ஏறிய பால், குழாயிலிருந்த காற்றை எவ்வளவு நெருக்கியது என்பதைக் கொண்டு அழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். விடியற்காலையில் அது ஏறக்குறைய 10 வளிமண்டல அழுத்தமும் அதற்கு மேலும் இருந்தது. மோட்டார் வண்டிச் சக்கரத்துக் காற்றின் அழுத்தத்தைப்போல் பல மடங்கு! வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன; அழுத்தம் இறங்குகிறது. இரவில் மீண்டும் ஏறுகிறது. உளி பட்டதும் விரிந்திருந்த சுவர்கள் சுருங்கிப் பாலை வெளியே தள்ளுகின்றன. பாட்டாளி அனுபவத்தில் அறிந்ததற்கு இதோ கணக்கு!

சரி, பால் ஏன் சில மணி நேரத்தில் நின்றுவிடுகிறது? வெட்டுவாயில் பாலிலுள்ள நுண்துகள்கள் உறைந்து குழாய்களை அடைக்கின்றன. இதைப் பற்றிப் பாக்கியநாதன், போட்மன், டேசம் ஆகிய மூவரும் 1966இல் எழுதினார்கள். 1968இல் ஆபிரகாம், வைச்சர்லி, பாக்கியநாதன் ஆகியோர் எத்திபான் மருந்து பாலோட்டத்தைக் கூட்டுவதை அறிவித்தார்கள். பட்டையில் பூசும் அம்மருந்து அடைப்பைத் தாமதப்படுத்துகிறது. அளவு மீறினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும் அபாயமும் உண்டு.

இத்தகைய ஆராய்ச்சியின் பெருமையை எப்படி அளப்பது? கலியாண வீட்டு மொய் நோட்டை எண்ணிப் பாருங்கள். யாரிடம் என்ன பெற்றோம் என்று அதில் எழுதி வைக்கிறோம். விஞ்ஞானியும் தம் கட்டுரையில், யாருடைய கண்டுபிடிப்பைக் கொண்டு மேலே சென்றேன் என்று பெயர் குறிப்பிட வேண்டும். இதற்கு மேற்கோள் காட்டுதல் என்று பெயர். 1960களில் அமெரிக்காவில் யூஜின் கார்பீல்டு என்பவர் இந்த மேற்கோள்களையெல்லாம் திரட்டி அட்டவணையாக வெளியிடத் தொடங்கினார். ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனை முறை நினைவுகூர்ந்தார்கள் என்று அதிலிருந்து எண்ணலாம்.

புட்டரியும் போட்மனும் 1964இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை பிற்காலத்திலும் மேற்கோள் காட்டப்பட்டு வந்திருக்கிறது. ரப்பரைப் பற்றி எழுதுவோர் மட்டுமல்லர், செடிகளின் பட்டைவழியே உணவுச்சாறு ஓடும் விதத்தை ஆராய்வோரும் அதைக் குறிப்பிடுகிறார்கள். சுங்கை பூலோ எங்கே இருக்கிறது என்று அறியாதவர்களுக்கும் நம் பால்மரம் பாடம் சொல்லியிருக்கிறது.

ஆயினும் மேற்கோள் எண்ணிக்கை மட்டுமே மதிப்பாகிவிடாது. பட்டைக்குக் கீழுள்ள வளர்படலத்தில் காயம் படாமல், ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் விட்டு வெட்டத் தெரிந்த கைக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. அந்தக் கை தவறினால் பட்டை நன்றாக மீண்டும் வளராது. விஞ்ஞானியின் கணக்கும் பயன்படாது.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வளரும் பிள்ளைகளில் பலர் உளியையே பார்த்திருக்கமாட்டார்கள். பெற்றோர்களே, பால் வெட்டிய அனுபவத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளே, "ஏன் அப்படி வெட்டினீர்கள்?" என்று கேளுங்கள். அந்த "ஏன்" என்ற கேள்வியில்தான் விஞ்ஞானம் தொடங்குகிறது.