தையல் விட்ட வாரைத் தூக்கி எறியாதீர்கள்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறி இறங்கியவர் யாராக இருந்தாலும், கைக்கடிகாரத்தைக் கழற்றித் தோல் வாரின் உட்புறத்தைப் பார்க்கட்டும். கறுத்து, உப்பேறி, பிசுபிசுவென்று இருக்கும். சுமார் 800 அடி உயர மலை. சித்திரை வெயிலில் பாறையே அனலடிக்கும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ல் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான் என்பதால், ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் பலர்.

வாருக்கு முதல் எதிரி வியர்வைதான். தோலிலுள்ள எண்ணெய்ப் பசையை அது கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுகிறது. நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்து தோல் விறைக்கிறது, நூல் இற்றுப்போகிறது. பல வார்களில் தோல் நன்றாகவே இருக்கும், தையல் மட்டும் விட்டிருக்கும். அதைப் போய்க் குப்பையில் போடுவது அநியாயம்.

முதலில் வாரைக் கடிகாரத்தோடு இணைக்கும் ஸ்பிரிங் பின்னைத் தள்ளி வாரைத் தனியாகக் கழற்றுங்கள். கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். பின் துள்ளி ஓடினால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும்.

இனி தையல். இதற்குச் சேணத் தையலை விடச் சிறந்தது இல்லை. குதிரைச் சேணம் தைக்கிறவர்கள் கைக்கொண்ட முறை இது. செஞ்சிக் கோட்டைக்குள் குதிரை லாயத்தைப் பார்த்தவர்களுக்கு, செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனின் குதிரைக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சேணத்தின் உறுதி எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. தைக்க வேண்டிய நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் எடுத்துத் தேன்மெழுகில் இழுத்து, இரு முனையிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். பழைய துளை ஒவ்வொன்றிலும் ஓர் ஊசி முன்னிருந்து பின்னாகவும், மற்றது பின்னிருந்து முன்னாகவும் போக வேண்டும். புதிதாகத் துளை போடாதீர்கள். நெருக்கமாகத் துளைத்தால் தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும். மிஷின் தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளர்ந்து உருவிக்கொள்ளும். சேணத் தையலில் ஓர் இழை அறுந்தாலும் மற்றொன்று பிடித்து நிற்கும். முடிவில் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து நறுக்கினால் போதும், முடிச்சு தேவையில்லை.

அடுக்குகள் பிரிந்திருந்தால் தைப்பதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். செருப்பு தைக்கிறவர்கள் 'சொல்யூஷன்' என்று சொல்லும் ரப்பர் பசையை இரு பக்கமும் மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்த வேண்டும். நொடியில் ஒட்டும் பசை வேண்டாம். அது கண்ணாடி போல் இறுகும். கை மடங்கும் இடத்தில் அப்படியே முறியும். பக்கிள் துளை கிழிந்திருந்தால் பின்பக்கம் மெல்லிய தோல் துண்டை ஒட்டித் தைக்கலாம். பழைய மணிபர்ஸ் ஒன்று இருந்தால் அதுவே போதும். பிசிறடித்த ஓரத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்து மெழுகிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கை நீளக்கூடாது. தேங்காயெண்ணெயை ஊற்றினால் நிறம் கறுக்கும், நாளடைவில் காறல் நாற்றம் வரும். தோலுக்கென்று விற்கும் கிரீமில் ஒரு பட்டாணி அளவு போதும்.

ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலை ஒரு காலத்தில் மதராஸிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய நாடு இது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் இன்றும் தோலில்தான் வாழ்கின்றன. 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாறில் இருக்கிறது. இத்தனையும் இங்கேயே இருக்க, தையல் விட்டதும் ஆன்லைனில் மட்டமான வாரை வரவழைப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அப்படி வருவதில் பல, தோல் மாதிரி மேல்பூச்சு பூசிய ரெக்சின். மேல்பூச்சு உரிந்தால் அதை யாராலும் சரிசெய்ய முடியாது.

நல்ல தோலாகவே இருந்தாலும் ஓர் இடத்தில் மட்டும் பிடிவாதம் கூடாது. ஸ்பிரிங் பின் நுழையும் மடிப்பு கிழிந்திருந்தால் புதிய வார்தான் வாங்க வேண்டும். கடிகாரத்தின் முழு எடையையும் தாங்குவது அந்த மடிப்பு. வாங்கும்போது கடிகாரத்தில் வார் மாட்டும் இரு கொம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து செல்லுங்கள். பெரும்பாலும் 18 அல்லது 20 மில்லிமீட்டர் இருக்கும்.