உங்களுக்குத் தெரியுமா? கணினிக்குக் கண் பார்க்கக் கற்றுக்கொடுத்த நம் ஊர்ப் படங்கள்

சர்க்கரை நோய் பாதித்த விழித்திரையின் படத்தில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். ரத்தக்குழாய் புடைத்தோ கசிந்தோ விட்ட இடங்கள் அவை. அவற்றை அடையாளம் காண, 1,28,175 படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கியது கூகுள். ஆய்வு 2016-ல் வெளியானது. படங்கள் கொடுத்தவர்களில் அரவிந்த் கண் மருத்துவமனையும் சங்கர நேத்ராலயாவும் உண்டு. 2024-ல் அந்தத் தொழில்நுட்பத்துக்கான உரிமத்தை மதுரை ஆரோலேப், பெங்களூரு ஃபோரஸ் ஹெல்த், தாய்லாந்தின் பெர்செப்ட்ரா ஆகிய நிறுவனங்களுக்குக் கூகுள் வழங்கியது. 10 ஆண்டுகளில் 60 லட்சம் இலவசப் பரிசோதனைகள் என்பது இலக்கு. நம் மக்களின் கண் படங்களும் சேர்ந்து பிறந்த கருவி இது. நம் ஏழைகளுக்கு இலவசமாகவே வரவேண்டும். தோவாளையிலும் குளச்சலிலும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களே, பார்வை தெளிவாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்துவிடுங்கள்.