தள்ளிப்போடுறது சோம்பேறித்தனமா பாஸ்?

நாளைக்குக் காலையில் ரிப்போர்ட் அனுப்பணும். லேப்டாப்பைத் திறந்து வெச்சாச்சு. ஆனா, கை தானா போனை எடுக்குது. ரீல்ஸ் பார்த்து நிமிரும்போது மணி 11. 'நான் ஒரு சோம்பேறி' என்று உங்களையே திட்டிக்கொண்டு படுக்கிறீர்கள். தூக்கம் மட்டும் வராது.

சோம்பேறி என்றால் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்களே! வேலையைப் பார்த்ததும் வருகிற சலிப்பு, 'சொதப்பிடுவோமோ' என்ற பயம்... இவற்றிடமிருந்துதான் மனசு தப்பி ஓடுகிறது. போன் தருவது கொஞ்ச நேர நிம்மதி. அதற்குள் நேரம் குறைய, பதற்றம் இன்னும் ஏறும். மறுபடியும் போன்!

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு அந்த அளவுக்குத் தள்ளிப்போடவில்லை. அதனால, முதல்ல திட்டுறதை நிறுத்துங்க.

அடுத்து, போனைப் பக்கத்து ரூமில் வைத்துவிட்டு 25 நிமிஷம் மட்டும் வேலை, பிறகு 5 நிமிஷம் பிரேக். இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ, மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ கிச்சன் டைமரை வைத்துக் கண்டுபிடித்த 'பொமோடோரோ' முறை இது. இத்தாலிய மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி. 25 நிமிஷம் மலைப்பாக இருந்தால் 5 நிமிஷம் போதும். சுமாராக எழுதுங்கள், அப்புறம் திருத்திக்கலாம்.

மூணு பேர் வேலையை உங்கள் ஒருவர் தலையில் கட்டியிருந்தால், எந்த டைமரும் உதவாது. 'இதுல எதை முதல்ல முடிக்கட்டும்?' என்று மேனேஜரிடமே கேட்டுவிடுங்கள். பல வாரமாகத் தூக்கமே இல்லையா? மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.